கல்மேசைக்குள்ள ஒரு அடுப்பு

அம்மா அன்னிக்கு பூட்ஸைக் கழட்டாமலே வீட்டுக்குள்ள வந்தாங்க. வாசல்லேர்ந்து சமையலறை வரைக்கும் களிமண் தடம். வேற யாராவது இந்த வேலையைச் செஞ்சிருந்தா வீடு ரெண்டுபட்டிருக்கும்.

"அடுப்பு கிடைச்சிருச்சுங்க!"

அப்பா பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கல. "காணாமப் போயிருந்துச்சா? இங்கதானே இருக்கு. இப்பத்தான் தொடைச்சேன்."

"விளையாடாதீங்க. கல்மேசைக்குள்ள. அந்த அறைக்குள்ளயே. கரி இருக்கு, சுட்டுச் செவந்த மண்ணு இருக்கு, அதுக்கு மேல கச்சிதமா ஒரு பலகைக்கல்லு மூடியிருக்கு. யாரோ உள்ள உக்காந்து தீ மூட்டியிருக்காங்க. செத்தவங்க பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டிருக்காங்க!"

சாப்பாட்டு மேசையில வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டிருந்த பொண்ணோட பேனா நின்னு போச்சு. நின்ன இடத்துல மை ஊறி ஊறிப் பெரிய புள்ளியாச்சு. பதினாறு வயசு அவளுக்கு.

ஏன்னா அந்த அடுப்பை யாரு மூட்டினதுன்னு அவளுக்குத் தெரியும். அதுல என்ன வெந்துச்சுன்னும் தெரியும். உருளைக்கிழங்கு. மொத்தம் பதினொண்ணு. அதுல ரெண்டு கருகிப்போச்சு.

அம்மாவுக்கு அருங்காட்சியகத்துல வேலை. மூணே அறை இருக்கற சின்ன இடம். ஊருக்கு வெளிய, மேட்டு மேல நிக்கற கல்மேசையும் அவங்க பொறுப்புதான். நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கல்லு நிக்கும். மேல, யானை படுத்த மாதிரி ஒரு மூடுகல்லு; நடுவுல அறை மாதிரி ஒரு இடம். ரோட்டோரம் அம்புக்குறி போட்ட பலகையிலயே 'கல்மேசை'ன்னுதான் எழுதியிருக்கும். அந்தப் பேருதான் அம்மாவோட இருபது வருஷத்து எதிரி. வீட்டுக்கு வர்ற விருந்தாளி மட்டுமில்ல, குழாய் ரிப்பேர் பண்ண வந்த ஆளுகூட அந்தப் பிரசங்கத்துக்குத் தப்பினதில்ல.

"உலகம் பூரா டால்மென்னு சொல்றாங்களே, அதுக்கு அர்த்தம் தெரியுமா உங்களுக்கு? பிரெத்தான்னு ஒரு கடலோரப் பாஷை இருக்கு. அதுல மேசைக்கு ஒரு வார்த்தை, கல்லுக்கு ஒரு வார்த்தை. ரெண்டையும் ஒட்டவச்சு கல்லு மேசைன்னு ஆக்கினாங்கன்னு சொல்லுவாங்க. இன்னும் சில பேரு, அதுவுமில்ல, பக்கத்துப் பாஷையில ஓட்டைக்கல்லுக்கு இருந்த பேரை யாரோ மாத்தி எடுத்துக்கிட்டாங்கங்கறாங்க. எதுவா இருந்தாலும் சரி, பேரு வச்சவங்க பார்த்தது மிச்சம் மீதியைத்தான். மொதல்ல இது மேல பெரிய மண்மேடு இருந்திருக்கு. மண்ணெல்லாம் கரைஞ்சு போயி கல்லு மட்டும் நின்னப்போ வந்து பார்த்துட்டு, அட, மேசைன்னுட்டாங்க. நம்ம ஆளுங்க கல்திட்டைன்னாங்க. சில இடத்துல குள்ளர் வீடுன்னாங்க. அவங்கவங்க மனசுல என்ன இருந்துச்சோ அதைப் பேரா வச்சுட்டாங்க. ஆனா இது மேசை இல்லைங்க. இங்க யாரும் சாப்பிடல. இங்க ஒரு குழந்தையைப் படுக்க வச்சிருக்காங்க."

குழந்தைங்கறது எப்படித் தெரியும்னா, அதைக் கண்டுபிடிச்சுச் சொன்னதே அப்பாதான். அப்பா பல்செட் செய்யறவர். ஒன்பது வருஷம் முன்னாடி அந்த அறையோட தெக்குப் பாதியை மட்டும் தோண்டினப்போ மூணு பல்லு கிடைச்சுது. அம்மா அதைப் பஞ்சுல வச்சு வீட்டுக்குக் கொண்டுவந்தாங்க. அப்பா லென்ஸை மாட்டிக்கிட்டு ஒரே நிமிஷத்துல சொல்லிட்டார். "பால் பல்லு. ஆறு வயசு, ஏழு வயசு இருக்கும். நம்ம குட்டிக்கு இப்ப ஆடிக்கிட்டிருக்கே, அதே பல்லு." அப்போ நம்ம குட்டிக்கு ஏழு வயசு. தன்னோட ஆடற பல்லை நாக்கால தொட்டுப் பார்த்துக்கிட்டே அந்த மூணு பல்லையும் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தா.

வடக்குப் பாதியை அம்மா தொடல. அது அந்தத் தொழிலோட மரியாதை. பாதியை விட்டு வைக்கணும். நாளைக்கு நம்மளைவிட நல்லாத் தெரிஞ்சவங்க வருவாங்க, அவங்களுக்கு மிச்சம் வேணும். இப்போ ஒரு பக்கக் கல்லு சாய ஆரம்பிச்சிட்டதால, வேற வழியில்லாமத்தான் வடக்குப் பாதியைத் திறந்தாங்க. திறந்த மூணாவது நாளே அடுப்பு.

"இருபது வருஷமா நான் சொன்னது தப்பு," அம்மா சொன்னாங்க. கண்ணு பளபளன்னு இருந்துச்சு. "சனிக்கிழமை கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன். இது மேசையாவும் இருந்திருக்குன்னு. தப்புன்னு சொல்றதுக்கு இவ்வளவு சந்தோஷப்படுவேன்னு நினைக்கவே இல்லைங்க."

"கரியை ஆய்வுக்கு அனுப்பலையா?" அப்பா கேட்டார்.

"அனுப்பியாச்சு. முடிவு வர மூணு மாசம் ஆகும். அது எந்தக் காலம்னு சொல்லும், அவ்வளவுதான். மூடியிருக்கற விதத்தைப் பார்த்தா சந்தேகமே வேணாம். கை படாத மண்ணு."

கை படாத மண்ணு. அந்தக் கையை மேசைக்கு அடியில எடுத்துப்போயி தொடைக்கு நடுவுல வச்சு அழுத்திக்கிட்டா பொண்ணு.

ரெண்டு வருஷம் முன்னாடி நடந்தது இது. பள்ளிக்கூடத்துல அவளுக்கு ஒரு பட்டப்பேர் இருந்துச்சு. பொணந்தோண்டி. அம்மா வகுப்புக்கு வந்து எலும்பு படமெல்லாம் காட்டிப் பேசிட்டுப் போன மறுநாள் ஒட்டிக்கிட்ட பேரு. டிபன் டப்பாவைத் திறந்தா, "கையக் கழுவினியா பொணந்தோண்டி?"ன்னு கேப்பாங்க. கேக்கறதுல முதல் ஆளு குதிரைவால். முடியை உச்சியில தூக்கிக் கட்டற பொண்ணு. வகுப்புல அவ சிரிச்சாத்தான் மத்தவங்க சிரிப்பாங்க.

அந்தக் குதிரைவால் ஒரு நாள் தானா வந்து, "லீவுல சைக்கிள்ல எங்கயாச்சும் போலாமா, நீயும் வர்றியா?"ன்னு கேட்டப்போ, இவளுக்குக் கால் தரையில நிக்கல. நாலு பேரு கிளம்பினாங்க. மேட்டு மேல ஏறினதும் குதிரைவால் நின்னுட்டா.

"ஏய், இது உங்கம்மா பொணம் தோண்டற இடம்தானே? உவ்வே."

"இல்லடி," இவ சொன்னா. "அது வெறும் மேசை. பேரே கல்மேசைதான். பலகையில போட்டிருக்கு பாரு."

யார் சொன்னது? அம்மாவோட பிரசங்கத்தைத் தூக்கத்துலகூட ஒப்பிக்கறவ. அந்த மூணு பல்லைப் பார்த்தவ. அவ வாயிலதான் அது வந்துச்சு. அதுவும் சுலபமா, சிரிச்சுக்கிட்டே வந்துச்சு. அதை நினைச்சாத்தான் இப்பவும் அவளுக்குக் காது மடல் சுடும்.

மேல ஏறி உக்காந்தாங்க. காத்து அடிச்சதால அறைக்குள்ள இறங்கி, வடக்கு மூலையில தீ மூட்டினாங்க. உருளைக்கிழங்கைச் சுட்டாங்க. குதிரைவால் கருகின கிழங்கைத் தூக்கிக் காட்டி, "இந்தா, உங்கம்மா தோண்டி எடுத்தது"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. இவளும்தான். இவதான் அதிகமா சிரிச்சா.

அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாங்க, புதன்கிழமை கல்மேசையைப் பார்வையிடப் போறேன்னு. மறுநாளே தனியா சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போனா. பையில அவளோட கரண்டி. கொத்தனார் கையில இருக்குமே, அந்தக் கரண்டியில சின்ன அளவு. ஆறு வயசுல அம்மா வாங்கிக் குடுத்தது. எட்டு வயசுல ஒரு கல்லுல குத்தி, அதோட வலது மூலை முக்கோணமா உடைஞ்சு போச்சு. அந்தக் கரண்டியாலதான் அவளுக்குக் கரண்டின்னே செல்லப்பேர். அளவு மாமா வச்ச பேரு. அளவு மாமாங்கறவர் அம்மாகூட நிலம் அளக்கற வேலை பார்க்கறவர். சொந்த மாமா இல்ல, ஆனா சொந்தத்துக்கு மேல.

வேற பசங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? சாம்பலைக் காலால தள்ளிவிட்டு, ரெண்டு கை மண்ணைப் போட்டுட்டுப் போயிருப்பாங்க. அம்மா புதன்கிழமை பார்த்திருப்பாங்க, யாரோ தறுதலைங்க தீ வச்சிருக்காங்கன்னு கத்தியிருப்பாங்க, அதோட முடிஞ்சிருக்கும். ஆனா இவ தோண்டறவ பொண்ணு. குழியை எப்படி மூடணும்னு அட்சரம் மாதிரி கத்துக்கிட்டவ. செவந்து போன இடத்தைச் சுத்தி முழங்கை ஆழத்துக்கு வெட்டினா. கருப்பு மண்ணைத் தனியா, செம்மண்ணைத் தனியா, ரெண்டு சாக்குல குமிச்சா. கரியை அடியில போட்டா. சுட்ட மண்ணை அது மேல. அப்புறம் செம்மண்ணு, அப்புறம் கருப்பு மண்ணு. ஒவ்வொரு தடவையும் தண்ணி தெளிச்சு, உள்ளங்காலால மிதிச்சு இறுக்கினா. உள்ள கிடந்த ஒரு உடைஞ்ச பலகைக்கல்லை இழுத்து மேல மூடி, அதுவும் தெரியாதபடி மிச்ச மண்ணைப் பரப்பினா. மூடுகல்லுக்கு அடியில படிஞ்ச புகையைத் தன்னோட சட்டையைக் கழட்டி நனைச்சுத் தொடைச்சா. கடைசியா, காஞ்ச இலை, நத்தைக்கூடு எல்லாத்தையும் முன்னாடி இருந்த மாதிரியே தூவினா. மூணு மணி நேரம். அழுதுக்கிட்டே செஞ்சா. அழகா செஞ்சா.

புதன்கிழமை அம்மா போயி பார்த்துட்டு வந்து, "எல்லாம் அப்படியே இருக்கு"ன்னாங்க.

ரெண்டு மழைக்காலம் அந்த மண்ணு மேல பெஞ்சுது.

இதோட இன்னொண்ணும் இருக்கு. வெட்டினப்போ ஒரு மணி கிடைச்சுது. செவப்புக் கல்லுல செஞ்ச, மொச்சைக்கொட்டை அளவு, நடுவுல ஓட்டை போட்ட மணி. அந்தக் குழந்தை கழுத்துல கிடந்ததா இருக்கலாம். அதை அங்கயே போட்டிருக்கலாம். போடல. ஏன்னு அவளுக்கே தெரியாது. இப்பவும் பென்சில் டப்பாவுக்குள்ள, அழிரப்பருக்கு அடியில கிடக்கு.

வியாழக்கிழமை அம்மா அவளைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. வெட்டுமுகத்தை வரையறதுக்கு. கேக்கை நடுவுல வெட்டினா அடுக்கு தெரியுமில்ல, அந்த மாதிரி மண்ணை நேரா வெட்டி, தெரியற அடுக்கையெல்லாம் கட்டம் போட்ட தாள்ல அளவு மாறாம வரையணும். அந்த வேலைக்கு அவ கை சுத்தம்.

"நீதான் வரையணும் கரண்டி," அளவு மாமா டேப்பை இழுத்துக்கிட்டே சொன்னார். "உங்கம்மா வரைஞ்சா எல்லாமே உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும்."

பென்சில் கீழ விழுந்துச்சு. குனிஞ்சு எடுக்கற சாக்குல முகத்தை மறைச்சுக்கிட்டா.

எதிர்ல அவளோட குழி. பாதியா வெட்டி, நூல் கட்டி, நம்பர் அட்டை குத்தி வச்சிருந்தாங்க. ஒவ்வொரு அடுக்கும் அவ போட்ட வரிசையில அப்படியே இருந்துச்சு. தான் சொன்ன பொய்யை யாரோ அச்சடிச்சுச் சுவத்துல ஒட்டின மாதிரி.

அம்மா பக்கத்துல மண்டி போட்டு உக்காந்தாங்க. "பாரேன் குட்டி. எவ்வளவு பொறுமையா மூடியிருக்காங்க. ஒவ்வொண்ணா மிதிச்சு இறுக்கி. இது அவசரத்துல மூடின கை இல்ல. பாசம் இருக்கற கை."

"அக்கா," மாமா தலையைச் சொறிஞ்சார். "ரொம்பக் கச்சிதமா இருக்கேக்கா. நாம மூடற மாதிரியே இருக்கு."

"அவங்களும் மனுஷங்கதானேடா." அம்மாவோட குரல் கொஞ்சம் உடைஞ்சுது. "அந்தக் குழந்தையோட அம்மாவா இருக்கும். கடைசியா ஒரு தடவை பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டு, மூடிட்டுப் போயிருக்கா."

அம்மா அழுது அவ பார்த்ததே இல்ல. அன்னிக்குப் பார்த்தா. பதினொரு உருளைக்கிழங்குக்காக அம்மா அழுதாங்க.

சொல்லிடணும்னு வாயைத் திறந்தா. "என்னம்மா?"ன்னு அம்மா கேட்டாங்க. "அந்த ரெண்டாவது அடுக்கு எத்தனை செண்டிமீட்டர்?"னு கேட்டா. அதான் வெளிய வந்துச்சு.

வரையறப்போதான் அதைப் பார்த்தா. குழியோட ஓரத்துல, ஈரக் களிமண்ணுல, வரிசையா அஞ்சாறு வெட்டுத் தடம். ஒவ்வொரு தடத்துக்கும் வலது மூலையில ஒரு சின்ன முக்கோணம் குறைஞ்சிருந்துச்சு. பிரஷ்ஷால லேசாத் தள்ளினா இன்னும் தெளிவா தெரியும். அம்மா சொல்லிக் குடுத்த முதல் பாடமே, 'நினைக்கறதை வரையாதே, பார்க்கறதை வரை'ங்கறதுதான். அவ அந்த ஓரத்துல ஒரு நேர் கோட்டைப் போட்டா. வழவழன்னு. தடமே இல்லாத கோடு. அப்புறம் மாமா அந்தப் பக்கம் திரும்பின நேரமா, கட்டை விரலால அந்த ஈர மண்ணைத் தடவியும் விட்டா. எல்லா தடத்தையும் இல்ல. ஒண்ணு தப்பிச்சுது. மாமா திரும்பிட்டார்.

தீ மூட்டினப்போ பதினாலு வயசு, புத்தி இல்லன்னு சொல்லிக்கலாம். இந்தத் தடவலுக்கு என்னத்தைச் சொல்றது?

வெள்ளிக்கிழமை அப்பாவோட பட்டறைக்குப் போனா. வீட்டுக்குப் பின்னால ஒரு சின்ன அறை. அலமாரி பூரா பல்செட்டு வரிசையா சிரிச்சுக்கிட்டிருக்கும். அப்பா ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்ச்சுக்கிட்டிருந்தார்.

"அப்பா, ஒருத்தர் வேற யாரோட பல்செட்டையோ தன்னுதுன்னு நினைச்சு மாட்டிக்கிட்டு மேடையில பேசப் போறாங்கன்னு வச்சுக்கோங்க. உங்களுக்கு அது தெரியும். என்ன பண்ணுவீங்க?"

"சொல்லிடுவேன்."

"சொன்னா அவங்க ரொம்ப வருத்தப்படுவாங்கன்னா?"

"மேடையில கழண்டு மைக் மேல விழுந்தா அதைவிட வருத்தப்படுவாங்க." அப்பா மிஷினை நிறுத்திட்டு, கண்ணாடிக்கு மேல பார்த்தார். "யாருடா அது?"

"சும்மா கேட்டேம்பா."

"சும்மா கேக்கற மூஞ்சியா இது?"

அவ ஓடியே வந்துட்டா. அப்பா கூப்பிட்டுக்கிட்டே இருந்தார்.

சனிக்கிழமை. நகரசபை அரங்கு. இருநூறு நாற்காலி போட்டிருந்தாங்க. முன்வரிசையில பேராசிரியர் உக்காந்திருந்தார். எல்லாரும் அவரை முதுகுக்குப் பின்னால செங்கல்னு சொல்லுவாங்க. அம்மா எந்தக் கட்டுரை எழுதினாலும் மறு மாசமே அதுக்கு மேல ஒரு செங்கலைத் தூக்கிப் போடறவர். அவர் கையில இப்பவே ஒரு நோட்டு இருந்துச்சு.

மேடைக்குப் பின்னால சின்ன அறையில அம்மா கண்ணாடி முன்னாடி நின்னு, பேச வேண்டியதை முணுமுணுத்துக்கிட்டிருந்தாங்க. இஸ்திரி போட்ட உடுப்பு. நகத்துக்குள்ள மட்டும் இன்னும் மண்ணு. பொண்ணு கதவைத் திறந்தா. பையிலேர்ந்து வெட்டுமுகப் படத்தை எடுத்து மேசை மேல விரிச்சா. பென்சிலை எடுத்தா.

"இப்ப எதுக்குடா இது? மேடையில காட்டப் பிரதிதான் ஏற்கெனவே எடுத்தாச்சே..."

அவ அந்த நேர் கோட்டை அழிச்சா. அது இருந்த இடத்துல ஒவ்வொண்ணா வரைஞ்சா. ஒரு தடம். வலது மூலையில முக்கோணம். இன்னொரு தடம். முக்கோணம். அழுத்தி வரைஞ்சதுல ஒரு தடவை தாள் கிழிஞ்சுது. ஆறும் வரைஞ்சு முடிச்சதும், பையிலேர்ந்து கரண்டியை எடுத்துப் படத்துக்குப் பக்கத்துல வச்சா.

அம்மா குனிஞ்சு பார்த்தாங்க. கரண்டியை எடுத்தாங்க. உடைஞ்ச மூலையைப் பெருவிரலால தடவினாங்க. அந்தப் படத்து மேல வச்சுப் பார்த்தாங்க. வெளிய யாரோ மைக்கைத் தட்டி, ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க.

"எப்போ?" அம்மா கேட்டாங்க.

"ரெண்டு வருஷம். ஒன்பதாவது லீவுல."

"எத்தனை பேரு?"

"நாலு. ஆனா மூடினது நான் மட்டும்தாம்மா."

"அது தெரியுது."

"எப்படிம்மா?"

"நான்தானே சொல்லிக் குடுத்தேன்."

சத்தம் போட்டிருந்தா தேவலை. ஒரு அறை விட்டிருந்தா இன்னும் தேவலை. அம்மா நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா உக்காந்தாங்க, வயசானவங்க உக்கார்ற மாதிரி. இவ பென்சில் டப்பாவைத் திறந்து, மணியை எடுத்து, மேசை மேல வச்சா. அது கொஞ்சம் உருண்டு நின்னுச்சு. அம்மா அதைத் தொடல.

"இது எங்கேர்ந்து?"

"வடக்கு மூலைக் கல்லுலேர்ந்து ரெண்டு சாண். ஒரு முழங்கை ஆழம்."

"டேப் வச்சியா?"

"...இல்லம்மா. கையாலதான்."

"அது கிடந்த இடத்துல இப்ப என்ன இருக்கு?"

ரெண்டு பேருக்குமே தெரியும். கரி இருந்துச்சு.

"அம்மா, மன்னி..."

"இப்ப வேணாம்." அம்மா கையைத் தூக்கினாங்க. "எனக்கு இப்ப மேடை ஏறணும்."

அளவு மாமா கதவைத் தட்டினார். "அக்கா, எல்லாரும் வந்தாச்சு." அம்மா எழுதி வச்சிருந்த தாளையெல்லாம் நாலா மடிச்சு மேசை மேலயே வச்சுட்டு எழுந்தாங்க. போறப்போ அவளைப் பார்க்கல. கரண்டியை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனாங்க.

அவ போயி கடைசி வரிசையில உக்காந்தா. அப்பா ஏற்கெனவே அங்க இருந்தார். அவ மூஞ்சியைப் பார்த்ததும் கேள்வி கேக்காம நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்.

"இன்னிக்கு உங்ககிட்ட ஒரு அடுப்பைப் பத்திச் சொல்லலாம்னு இருந்தேன்," அம்மா மைக்ல சொன்னாங்க. குரல் சீராத்தான் இருந்துச்சு. "அது பழைய அடுப்பு இல்ல. ரெண்டு வருஷத்துக்கு முந்தினது. பத்து நிமிஷம் முன்னாடிதான் எனக்குத் தெரிஞ்சுது."

அரங்குல ஒரு சலசலப்பு. முன்வரிசையில செங்கல் நோட்டை மூடி வச்சார். அவருக்கு அதுக்கு மேல குறிப்பு எடுக்க ஒண்ணுமில்ல.

"இதுல என் தப்பும் இருக்கு," அம்மா தொடர்ந்தாங்க. "மூடியிருந்த விதம் இப்ப உள்ளவங்க செய்யற மாதிரியே இருந்துச்சு. கூட வேலை செய்யறவர் சொல்லவும் சொன்னார். நான் கேக்கல. ஒரு அம்மா உக்காந்து சாப்பிட்டான்னு நம்ப எனக்கு ஆசையா இருந்துச்சு. மேசைன்னு பேரு வச்சவங்களை இருபது வருஷமா கிண்டல் பண்ணியிருக்கேன். அவங்க செஞ்சதைத்தான் நானும் செஞ்சிருக்கேன். அங்க இருந்ததைப் பார்க்கல. எனக்கு எது வேணுமோ அதைத்தான் பார்த்தேன்."

செங்கல் எழுந்தார். சிரிப்பை அடக்கிக்கிட்டுக் கேட்டார். "அப்ப அந்த அடுப்பு யார் வீட்டு அடுப்பும்மா?"

அரங்கே சிரிச்சுது.

"எங்க வீட்டு அடுப்புதாங்க," அம்மா சொன்னாங்க.

இன்னும் பலமா சிரிச்சாங்க. பதிலடி குடுத்துட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டாங்க. அப்பா மட்டும் சிரிக்கல. மெதுவாத் திரும்பிப் பொண்ணைப் பார்த்தார். அவ தன்னோட பூட்ஸைப் பார்த்துக்கிட்டிருந்தா. யாராவது பேரைச் சொல்லி எழுந்து நில்லுன்னு சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு. யாரும் சொல்லல. அம்மா அவ பேரைச் சொல்லவே இல்ல. அந்த இருநூறு பேரோட சிரிப்பும் அம்மா மேலயே விழுந்துச்சு. இவ அதைக் கடைசி வரிசையில உக்காந்து, ஒரு பொட்டுகூட மேல படாம, பார்த்துக்கிட்டிருந்தா.

ஞாயித்துக்கிழமை பூரா வீட்டுல பாத்திரச் சத்தம் மட்டும்தான். அப்பா ரெண்டு பேருக்கும் நடுவுல தட்டை மாத்தி மாத்தி வச்சார். ஒரு தடவை மட்டும் பொண்ணுகிட்ட, "பல்செட்டை மாட்டிக்கிட்டது உங்கம்மாதான்னு சொல்லியிருக்கலாமேடா"ன்னார். அதுக்கு மேல அவராலயும் ஜோக் அடிக்க முடியல.

திங்கக்கிழமை காலையில அம்மா, "கிளம்பு"ன்னாங்க. அவ்வளவுதான். ரெண்டு பேரும் வண்டியில கல்மேசைக்குப் போனாங்க.

அங்க மாமா முன்னாடியே வந்து டேப்பெல்லாம் விரிச்சு வச்சிருந்தார். வழக்கமா, "வாடி கரண்டி"ம்பார். இன்னிக்கு, "வாம்மா"ன்னார். அந்த 'ம்மா' அவளை ரொம்ப தூரத்துல கொண்டுபோயி நிறுத்துச்சு.

அம்மா ஒரு படிவத்தை அட்டையில மாட்டி நீட்டினாங்க. தோண்டற இடத்துல எந்த அடுக்குக்கும், எந்தக் குழிக்கும் இப்படி ஒரு படிவம் உண்டு. ஆயிரம் வருஷத்துக் குழியா இருந்தாலும் சரி, போன மாசம் எலி தோண்டின வளையா இருந்தாலும் சரி. எல்லாமே அந்த இடத்தோட கதைதான், எதையும் விடக்கூடாது.

"எழுது. குழி எண் பதினேழு."

எழுதினா.

"காலம்."

ரெண்டு வருஷம் முன்னாடி, கோடை லீவு, ஞாயித்துக்கிழமைன்னு எழுதினா. மத்த படிவத்துலயெல்லாம் அந்தக் கட்டத்துல 'பழங்காலம்'னு இருந்துச்சு.

"உள்ள இருந்தது."

கரி. சுட்ட மண். உருளைக்கிழங்குத் தோல்.

"கலைஞ்சு போன பொருள்." அம்மா நிறுத்தினாங்க. "அதை நான் எழுதறேன்." படிவத்தை வாங்கி, செவப்புக் கல்மணி ஒண்ணுன்னு எழுதினாங்க. தூரம், ஆழம் ரெண்டையும் அவ சொன்ன மாதிரியே எழுதினாங்க. அதுக்குப் பக்கத்துல, 'நம்பகம்'னு ஒரு சின்னக் கட்டம். அதிகம், நடுத்தரம், குறைவு. அம்மா பேனாவை அது மேல கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அப்புறம் 'குறைவு'ல டிக் அடிச்சாங்க.

"நான் சரியாத்தாம்மா சொன்னேன். ரெண்டு சாண்தான்."

"இருக்கலாம்."

"அப்புறம் ஏம்மா குறைவு?"

"சொன்னது யாரு?"ன்னு அம்மா கேட்டாங்க. குத்திக் காட்டற மாதிரி இல்ல. நிஜமாவே கேக்கற மாதிரி. அதான் தாங்க முடியல. மாமா அந்தப் பக்கம் போயி, ஏற்கெனவே அளந்த கல்லை மறுபடியும் அளந்துக்கிட்டிருந்தார்.

படிவம் அவ கைக்கு வந்துச்சு. இன்னும் ஒரே ஒரு கட்டம்தான் காலியா இருந்துச்சு, கடைசியில. 'செய்தவர்.'

அம்மாவைப் பார்த்தா. மேடையில காப்பாத்தின மாதிரி இங்கயும் ஒரு வார்த்தை சொல்லிடுவாங்களோன்னு ஒரு நப்பாசை. 'தெரியவில்லை'ன்னு எழுதலாம். நிறைய படிவத்துல அப்படித்தான் இருக்கு.

"அதை நான் நிரப்ப மாட்டேன்," அம்மா சொன்னாங்க. "நிரப்புன்னும் சொல்ல மாட்டேன்."

காத்து அடிச்சுது. படிவம் படபடத்துச்சு. எதிர்ல அவ குழி பாதி திறந்து கிடந்துச்சு. அவ தடவி விட்டதுல தப்பிச்ச அந்த ஒரே தடம் இன்னும் களிமண்ணுல இருந்துச்சு. அதுக்கு அடியில எங்கயோ, கழுத்துல மணி இல்லாம, அந்த ஆறு வயசுக் குழந்தை.

தாளை முழங்கால் மேல வச்சு அழுத்திக்கிட்டு எழுத ஆரம்பிச்சா. முதல் எழுத்தே கோணலாச்சு. வேகமா கிறுக்கி முடிச்சுடலாம்னு பார்த்தா.

அம்மா குனிஞ்சு பார்த்தாங்க. "அடிச்சுட்டு மறுபடி எழுது. முழுப் பேரா எழுது"ன்னாங்க. "நூறு வருஷம் கழிச்சு வர்றவங்களுக்கும் புரியணும்."

அவ அடிச்சா. மறுபடியும் எழுதினா. முன்னெழுத்தோட, ஒவ்வொரு எழுத்தா.